கார்டில் ‘தேவைக்கேற்ப’ என்று இருந்தால், அந்தத் தேவையை முடிவு செய்வது யார்?

#1 இரவுப்பணி

வணக்கம். விமானப் பராமரிப்பு லைசென்ஸ் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. நான்கு நாளாக ஒரே கேள்வி மண்டையைக் குடைகிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

போன வாரம் நைட் ஷிஃப்ட்டில் ஒரு டாஸ்க் கார்டு (செய்யவேண்டிய வேலையை எழுதித் தரும் அட்டை) கைக்கு வந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்: “ரட்டர் கேபிள் டென்ஷனைப் பார்க்கவும். தேவைக்கேற்பச் சரிசெய்யவும்.” ரட்டர் என்பது விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகை. கீழே தயாரிப்பாளர் மேனுவலின் ரிக்கிங் டாஸ்க் (கேபிளையும் பலகையையும் சரியான நிலைக்கு அமைக்கும் வேலை) எண்ணைக் கொடுத்திருந்தார்கள். எந்தப் படியிலிருந்து எந்தப் படி வரை என்று குறிப்பு இல்லை. அந்த டாஸ்க்கில் 26 படிகள்.

கேபிளின் இழுவிசையை அளக்கும் டென்சியோமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஹேங்கர் வெப்பநிலைக்கு சார்ட்டில் இருக்கவேண்டிய அளவைவிடக் குறைவு. கேபிளை இறுக்கும் திருகான டர்ன்பக்கிளின் லாக்கை எடுத்து அரைச் சுற்று திருப்பியதும் டென்ஷன் சரியாகிவிட்டது. இங்கேதான் பிரச்சினை. டர்ன்பக்கிளைத் தொட்டாகிவிட்டது, இனி ரிக் பின் (நடுநிலையில் பிடித்து நிறுத்தும் ஊசி) போட்டு நியூட்ரல் பார்த்து, இரண்டு பக்கமும் முழு டிராவல், அதாவது ரட்டர் எவ்வளவு தூரம் நகர்கிறது என்று அளந்துதான் மூடவேண்டும் என்பது என் எண்ணம். ஷிஃப்ட் லீட் ஒத்துக்கொள்ளவில்லை. “கார்டு டென்ஷனைத்தான் கேட்கிறது. ரிக்கிங் முழுக்கச் செய்யணும்னு எங்கே எழுதியிருக்கு?” என்றார். “வேண்டாம்னும் எங்கேயும் எழுதலையே சார்” என்றேன். ஒரே பக்கத்தை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் நின்றோம். அந்தப் பக்கம் இரண்டு பேருக்கும் பதில் சொல்லவில்லை.

கடைசியில் 26 படியும் செய்தேன். மூன்றரை மணி நேரம் கூடுதலாக ஆனது, காலை முதல் ஃப்ளைட் தாமதம். டிராவலும் சரியாகத்தான் இருந்தது, ஒரு குறையும் கிடைக்கவில்லை. அதனால் ‘தேவையற்ற பணி’ என்று எனக்கு ஒரு மெமோ.

‘தேவைக்கேற்ப’ என்று எழுதியிருக்கும்போது அந்தத் தேவையை முடிவு செய்யும் உரிமை யாருக்கு? கையெழுத்துப் போடுகிற எனக்கா, வேலையைப் பிரித்துக் கொடுப்பவருக்கா?

---

#2 பழைய_ஸ்டாம்ப்

தம்பி, முதலில் அந்த மெமோவைக் கிழித்துப் போடாதே. பத்திரமாக வை.

34 வருடம் ஸ்டாம்ப் பிடித்தவன் நான், அதில் பாதி இன்ஸ்பெக்டராக. நீ சொல்வதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது 2003 ஜனவரி 8, சார்லட் விமான நிலையம். ஏர் மிட்வெஸ்ட் 5481, பீச் 1900டி ரகம். கிளம்பிய சில விநாடிகளில் மூக்கு மேலே மேலே போய், ஸ்டால் ஆகி (இறக்கை தூக்கும் விசையை இழந்து), ஹேங்கர் ஒன்றின் மீது விழுந்தது. உள்ளே இருந்த 21 பேரும் இறந்தார்கள்.

இரண்டு இரவு முன்னால் அந்த விமானத்துக்கு எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை) கேபிள் டென்ஷன் வேலை நடந்திருந்தது. மேனுவலில் டென்ஷனுக்கென்று தனி டாஸ்க் கிடையாது, எலிவேட்டர் ரிக்கிங் மொத்தமும் ஒரே டாஸ்க். உன் கார்டு மாதிரியேதான். டென்ஷன்தானே என்று, சம்பந்தமில்லை எனத் தோன்றிய படிகளை விட்டுவிட்டார்கள். வேலை செய்தவர் அந்த ரக விமானத்தில் அந்த வேலையைச் செய்வது அதுதான் முதல் தடவை. கற்றுக்கொடுத்தவரும் சோதித்தவரும் ஒரே ஆள். அந்த ஆளும் படிகளை விடுவதற்கு ஒத்துக்கொண்டார். டர்ன்பக்கிள் திருகிய விதத்தில் எலிவேட்டரின் கீழ்நோக்கிய டிராவல் பாதியாகக் குறைந்துபோனது. விட்டுவிட்ட படிகளைச் செய்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்கும்.

அந்த நிலையிலேயே விமானம் ஒன்பது முறை பறந்தது, எதுவும் ஆகவில்லை. பத்தாவது தடவை பின்பக்கம் எடை கூடுதல், மூக்கை இறக்க எலிவேட்டர் போதவில்லை. எடை விஷயம் தனிக் கதை. பயணிகளுக்குப் பழைய சராசரி எடையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள், விசாரணை அறிக்கை அதையும் காரணத்தில் சேர்த்திருக்கிறது.

அந்த இரவில் யாரும் திருட்டு வேலை செய்யவில்லை. ஒரு பக்கத்தைப் படித்து, தங்களுக்குச் சரியென்று பட்ட அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள். நீயும் உன் லீடும் நின்ற அதே இடத்தில்தான் அவர்களும் நின்றார்கள். அதனால்தான் எனக்கு இது வெறும் சொற்பிரச்சினையாகத் தெரிவதில்லை.

---

#3 வலவன்

காக்பிட் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அந்தக் காலை ஃப்ளைட் என்னுடையதாக இருந்திருந்தால், தாமதத்துக்கான காரணத்தைக் கேட்டுவிட்டு இரவுப்பணிக்கு நன்றி சொல்லியிருப்பேன். ஃப்ளைட் கன்ட்ரோல் செக்கில் பெடலை இரண்டு பக்கமும் முழுக்க மிதிப்போம், உண்மைதான். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து எனக்கு ரட்டர் தெரியாது. பெடல் முழுக்கப் போனால் ரட்டரும் முழுக்கப் போயிற்று என்று நம்புகிறேன். டர்ன்பக்கிளைத் தொட்டவர் டிராவலை அளந்திருப்பார் என்பதுதான் அந்த நம்பிக்கைக்கு ஆதாரம்.

---

#4 பதிவேட்டறை

நான் ரெக்கார்ட்ஸ் பக்கம், வானூர்தித் தகுதி நிர்வாகத்தில் இருக்கிறேன். இங்கே நான்கு விஷயம் ஒன்றாகக் கலந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் தெளிவாகும்.

மேலே சட்டம். அதன் கீழே, அந்தச் சட்டத்தை இப்படி நிறைவேற்றலாம் என்று ரெகுலேட்டர் தரும் வழிகாட்டல். அதற்கும் கீழே தயாரிப்பாளரின் மேனுவல். கடைசியில் நாம் அச்சிடும் கார்டு. இரவுப்பணி, உங்கள் ‘தேவைக்கேற்ப’ சட்டத்தில் இல்லை, மேனுவலிலும் அப்படி இருக்க வாய்ப்புக் குறைவு. அதை எழுதியது பெரும்பாலும் உங்கள் நிறுவனத்தின் பிளானிங் பிரிவுதான். கார்டு எழுதுகிற மேசையில் நானும் இருந்திருக்கிறேன், அதனால் தயக்கமில்லாமல் சொல்கிறேன்: எங்களுக்குத் தெரியாத இடத்தில்தான் ‘தேவைக்கேற்ப’ என்று எழுதுவோம். தெரிந்த இடத்தில் படி எண்ணையே போட்டுவிடுவோம்.

சட்டத்திலும் மங்கல் இல்லாமல் இல்லை. அமெரிக்க விதி 43.13-ஐப் பாருங்கள். தயாரிப்பாளரின் நடப்பு மேனுவலில் சொன்ன முறைப்படி செய், ‘அல்லது’ ரெகுலேட்டருக்கு ஏற்புடைய வேறு முறைப்படி செய் என்கிறது. இதில் ‘நடப்பு’, ‘அல்லது’, ‘ஏற்புடைய’ என்று மூன்று சொற்களும் மூன்று வழக்குக்குத் தாங்கும்.

‘நடப்பு’ எவ்வளவு தூரம் போயிற்று தெரியுமா? தயாரிப்பாளர் பரிந்துரைத்த நடப்பு ஆய்வுத் திட்டத்தைப் பின்பற்றலாம் என்று இன்னொரு அமெரிக்க விதியான 91.409-இல் ஒரு வசதி இருக்கிறது. நான் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்ட பிறகு தயாரிப்பாளர் அதை மாற்றினால் எனக்கு எது நடப்பு? 2008 டிசம்பரில் அமெரிக்க ரெகுலேட்டரான எஃப்.ஏ.ஏ-வின் சட்டப் பிரிவு பதில் சொன்னது: நீ எடுத்துக்கொண்ட அன்று நடப்பில் இருந்ததுதான். காரணம், பின்னால் வரும் ஒவ்வொரு மாற்றமும் தானாகக் கட்டாயமாகும் என்றால், ஒரு தனியார் நிறுவனம் பொதுமக்கள் கருத்தே கேட்காமல் சட்டம் இயற்றுகிறது என்று ஆகிவிடும். கட்டாயம் ஆக்கவேண்டுமானால் ரெகுலேட்டர் ஏ.டி. (வானூர்தித் தகுதிக்கான கட்டாய உத்தரவு) போடவேண்டும், இல்லை விதியைத் திருத்தவேண்டும். ‘கட்டாயம்’ என்று தலைப்புப் போட்டுத் தயாரிப்பாளர் அனுப்பும் சர்வீஸ் புல்லட்டினும் இந்த வகைதான். தனியார் உபயோகத்தில் இருக்கும் சிறு விமானத்துக்கு, ஏ.டி. அதைச் சுட்டாத வரை, தலைப்பில் இருக்கும் சொல்லால் மட்டும் அது சட்டமாகிவிடாது.

ஒரு சொல்லுக்கு இத்தனை பக்கம். இதையெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு ஏணி மேல் நிற்கிறவர் முடிவு செய்யவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

---

#5 மேக்னெட்டோ

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் எதிர்ப்பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் பார்ப்பது சின்ன பிஸ்டன் விமானங்கள். சில விமானங்களுக்கு வயது என்னைவிட அதிகம், தயாரித்த கம்பெனியே இன்று இல்லை. மேனுவல் என்று இருப்பது சில பக்கங்கள்தான். 43.13-இல் அந்த ‘அல்லது ஏற்புடைய முறை’ மட்டும் இல்லையென்றால் இந்த விமானங்களில் ஒரு ரிவெட்கூட நான் மாற்றமுடியாது. தயாரிப்பாளர் எதுவும் சொல்லாத இடத்துக்காகவே ஏ.சி. 43.13-1பி என்ற வழிகாட்டிப் புத்தகத்தை எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கிறது. டர்ன்பக்கிள் பேரலுக்கு வெளியே மூன்று த்ரெட்டுக்கு மேல் தெரியக்கூடாது என்பதெல்லாம் அதில் படித்ததுதான். நீங்கள் மங்கல் என்று சொல்வது எங்களுக்கு மூச்சு விட இடம்.

‘மேஜர் ரிப்பேர்’ விளக்கத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகச் செய்தால் எடை, சமநிலை, கட்டமைப்பு வலிமை முதலியவற்றைக் ‘குறிப்பிடத்தக்க’ அளவு பாதிக்கக்கூடியது, அல்லது ‘எளிய செயல்முறைகளால்’ செய்ய முடியாதது என்று இருக்கும். எத்தனை கிலோ, எத்தனை சதவீதம் என்று எண் போட்டிருந்தால் கையடக்க விமானத்துக்கும் நானூறு பேர் போகிற விமானத்துக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? வேலை தெரிந்தவன் மேல் நம்பிக்கை வைத்து எழுதிய விதி அது. எல்லாவற்றையும் எழுதி இறுக்கினால் நாம் செக் லிஸ்ட் டிக் போடுகிறவர்களாக ஆகிவிடுவோம்.

---

#6 பழைய_ஸ்டாம்ப்

மேக்னெட்டோ சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டு விதமான மங்கலை ஒன்றாக்கக் கூடாது. உங்கள் ‘ஏற்புடைய’ என்ற சொல் தெரிந்தே திறந்து வைத்த கதவு. அதன் வழியாகப் போகிறவர் எதை வைத்துப் போனார் என்று பதிவில் எழுதவேண்டும், கேட்டால் காட்டவேண்டும். அந்தக் கார்டில் இருப்பது கதவே இல்லை, சுவரில் விழுந்த ஓட்டை. யார் எந்தப் பக்கம் போனார்கள் என்று எங்கும் பதிவாகாது. 26 படியும் செய்தவர் போடுவதும் இரண்டே படி செய்தவர் போடுவதும் ஒரே ஸ்டாம்ப், ஒரே கட்டத்தில். அடுத்த ஷிஃப்ட்டில் வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. என் பயமே அதுதான்.

---

#7 சொல்லெண்ணி

மேனுவல் எழுதும் வேலையில் இருக்கிறேன், என் தொழிலையே பேசுகிறீர்கள்.

‘செக்’ என்ற ஒரு சொல் போதும். ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டு நகர்வார், இன்னொருவர் கேஜ் எடுத்து அளப்பார், மூன்றாமவர் இயக்கிப் பார்ப்பார். மூன்றும் ‘செக்’தான். எஃப்.ஏ.ஏ-வின் ஏ.டி-க்களில் ‘செக்’, ‘இன்ஸ்பெக்ட்’ இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ‘செக்’ என்று இருந்தால் சில இடங்களில் பைலட்டே செய்யலாம், ‘இன்ஸ்பெக்ட்’ என்றால் மெக்கானிக் வரவேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் மொழிபெயர்த்து வைத்தால் இரண்டுமே ‘சோதிக்கவும்’ ஆகிவிடும்.

இதற்காகத்தான் விமானத் துறையில் எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்று ஒரு தரம் வந்தது. 80-களில் ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் வெளியிட்டது, இன்று ஏ.எஸ்.டி. எஸ்.டி.இ.100 என்ற பெயரில் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், செய்முறை வாக்கியத்தில் 20 சொல்லுக்கு மேல் கூடாது. ‘ஃபாலோ’ என்றால் ‘பின்னால் வருவது’ மட்டும்தான், ‘கீழ்ப்படி’ என்ற பொருளில் எழுதமுடியாது. ‘குளோஸ்’ என்றால் மூடுவது மட்டும், ‘பக்கத்தில்’ என்ற பொருள் இல்லை. புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்கள்தான் உலகின் ஹேங்கர்களில் பெரும்பகுதி என்பது புரிந்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

நல்ல முறையில் தீர்த்துவைத்த ஒரு சொல்லையும் சொல்கிறேன். ‘பொதுவான கண்பார்வை ஆய்வு’ என்று கார்டில் வரும். எவ்வளவு தள்ளி நின்று? தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் போதுமா? பராமரிப்புத் திட்டங்களுக்கு அடிப்படையான எம்.எஸ்.ஜி.-3 ஆவணம், வேறு மாதிரி சொல்லாத வரை ‘தொடும் தூரத்திலிருந்து’ என்று வரையறையிலேயே எழுதிவிட்டது. கை எட்டவேண்டும், அதற்கு ஸ்டாண்ட் போடவேண்டும். அந்த ஒரு தொடருக்கு மேல் யாரும் வாதாட முடியாது. எண்ணே போடாமலும் தெளிவாக எழுதலாம், மேக்னெட்டோ.

---

#8 வலவன்

எம்.இ.எல். (எந்தக் குறைபாட்டோடு எத்தனை நாள் பறக்கலாம் என்ற பட்டியல்) நாள் கணக்கையும் கேட்டுவிடுகிறேன். ‘பி’ வகைக் குறைபாட்டுக்கு 3 நாள், ‘சி’ வகைக்கு 10 நாள். இது எல்லாருக்கும் தெரியும். முதல் நாள் எது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் சண்டை. இரவு 11:50-க்கு வானத்தில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. தரையிறங்கி, குறைபாடுகளைப் பதியும் டெக் லாகில் எழுதும்போது 12:20. தேதி மாறிவிட்டது. எந்தத் தேதி?

---

#9 பதிவேட்டறை

நல்ல உதாரணம். எஃப்.ஏ.ஏ. வாசகத்தில் குறைபாடு ‘பதிவான’ நாளை விட்டு எண்ணவேண்டும். ஐரோப்பிய ரெகுலேட்டரான இயாசாவின் வாசகத்தில் ‘கண்டறிந்த’ நாளை விட்டு எண்ணவேண்டும். உங்கள் 11:50 கதையில் ஒரு சொல் வித்தியாசத்தால் ஒரு முழு நாள் கூடும் அல்லது குறையும். இதோடு, யாருடைய நள்ளிரவு என்ற கேள்வியும் சேரும். விமானம் நிற்கும் ஊரின் நேரமா, உலகப் பொது நேரமான யு.டி.சி-யா? இதை நிறுவனத்தின் எம்.இ.எல். முகப்புரையிலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுவதுதான் வழி. அங்கே எழுதவில்லையென்றால் லைன் ஸ்டேஷனில் நிற்கிறவர், அன்றைக்கு எந்த நேரம் வசதியோ அதை எடுத்துக்கொள்வார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

---

#10 மேக்னெட்டோ

வாதத்தில் தோற்றதாக நினைக்கவில்லை, ஆனால் பழைய_ஸ்டாம்ப் சொன்ன கதவு, ஓட்டை வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன்.

ஏற்றுக்கொள்ளும்போதே ஒன்று: விளக்கம் கேட்டால் சில சமயம் நிலைமை இன்னும் மோசமாகும். 43.3 விதியில், லைசென்ஸ் இல்லாதவர் மேற்பார்வையில் வேலை செய்யலாம், மேற்பார்வையாளர் ஆலோசனைக்கு ‘நேரில்’ உடனே கிடைக்கவேண்டும் என்று இருக்கிறது. இந்தக் காலத்தில் வீடியோ கால் ‘நேரில்’ ஆகாதா என்று ஒருவர் எழுதிக் கேட்டார். 2024-இல் சட்டப் பிரிவு, ஆகாது, ஆளே அங்கே இருக்கவேண்டும் என்று பதில் கொடுத்தது. தொழில் பக்கமிருந்து பெரிய எதிர்ப்பு கிளம்பி, பிறகு அந்த விளக்கத்தை நிறுத்தி வைத்தார்கள். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று என் நண்பர்கள் பலர் இன்னும் சொல்கிறார்கள்.

---

#11 நட்டுபோல்ட்

இவ்வளவு பேசிவிட்டு அந்த பி.ஏ.சி. ஒன்-லெவன் விமானத்தை மறந்துவிட்டீர்களே. 1990, கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய் கேப்டன் வெளியே இழுக்கப்பட்டாரே, அதுவும் மேனுவல் தெளிவாக இல்லாததால்தானே?

---

#12 பழைய_ஸ்டாம்ப்

இல்லை நட்டுபோல்ட், அது வேறு. எந்த போல்ட் போடவேண்டும் என்பதில் ஆவணத்தில் குழப்பம் இல்லை. கழற்றிய போல்ட்டை வைத்து ஒப்பிட்டு ஸ்டோர்ஸில் எடுத்தார்கள். 90 போல்ட்டில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. அது கையில் எடுத்துப் பார்த்தால் தெரிகிற வித்தியாசம் இல்லை.

ஆனால் நீங்கள் அதைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் சோதனை ஏன் இல்லை? இரட்டைச் சோதனை வேண்டிய ‘முக்கியப் புள்ளிகள்’ என்ற வரையறைக்குள் விண்ட்ஷீல்டு வரவில்லை. விதி மங்கலாக இருந்தால் ஆபத்து என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே விதி தெளிவாகத்தான் இருந்தது, விண்ட்ஷீல்டு அதற்கு வெளியே நின்றது. செய்தவரும் சோதித்தவரும் மறுபடி ஒரே ஆள். கேப்டன் பிழைத்தார், அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

மேக்னெட்டோவுக்கு: கேட்டால் பிடிக்காத பதில் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் பிடிக்காத பதில் வந்ததும் எத்தனை பேர் திரண்டு பேசினார்கள் பாருங்கள். கேட்காமல் அவரவர் ஒரு அர்த்தத்தை வைத்துக்கொண்டு ஓட்டியிருந்த வரை, அந்த விதியில் சிக்கல் இருப்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே இல்லை. ராத்திரியில் நாம் சமாளித்துவிடுகிறோம் என்பதற்காகவே பல மோசமான கார்டுகள் பத்து வருடம் உயிரோடு இருக்கின்றன. தம்பி இரவுப்பணி, உனக்கு நான் சொல்லவேண்டியது இதுதான். நீ செய்த வேலை சரி. ஒன்றே ஒன்றை விட்டுவிட்டாய், டர்ன்பக்கிளைத் தொடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டிருக்கவேண்டும்.

---

#13 இரவுப்பணி

எல்லாருக்கும் நன்றி. தாமதமாக வருவதற்கு மன்னிக்கவும், பதிலுக்காகக் காத்திருந்தேன்.

பழைய_ஸ்டாம்ப் ஐயா சொன்ன மறுநாளே ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதி டெக்னிக்கல் சர்வீஸஸ் வழியாகத் தயாரிப்பாளருக்கு அனுப்பினோம். “டென்ஷன் மட்டும் சரிசெய்யும்போது டாஸ்க்கின் எந்தப் படிகள் கட்டாயம்?” என்று மட்டும்தான் கேட்டேன். யார் சரி, யார் தப்பு என்று எழுதவில்லை. அனுப்புவதற்கு முன் ஷிஃப்ட் லீடிடம் காட்டினேன். படித்துவிட்டு, “நானும் கையெழுத்துப் போடுறேன், கொடு” என்றார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

பதில் பதினோரு நாளில் வந்தது. எங்கள் இருவர் சொன்னதும் பாதிப் பாதி சரி. டர்ன்பக்கிளைத் திருப்பினால் ரிக் பின் போட்டு நியூட்ரல் பார்ப்பதும், இரண்டு பக்கமும் டிராவல் அளப்பதும், தனி ஆள் செய்யும் இரட்டைச் சோதனையும் கட்டாயம். டிரிம் டேப் (ரட்டர் ஓரத்தில் இருக்கும் சிறு பலகை) பக்கம் போகும் ஒன்பது படிகள் தேவையில்லை. அந்த ஒன்பதுக்குத்தான் எனக்கு ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

மேனுவலின் அடுத்த திருத்தத்தில் டென்ஷனுக்குத் தனி டாஸ்க் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரைக்கும் எங்கள் கார்டில் படி எண்களைப் போட்டுவிட்டார்கள். மெமோவை இன்னும் திரும்பப் பெறவில்லை. கேட்டிருக்கிறேன்.

---

#14 பதிவேட்டறை

அந்தப் பதிலின் எண்ணையும் தேதியையும் கார்டின் அடியில் குறிப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டு வருடம் கழித்துப் புதிதாக வரும் பிளானர், இது எதற்கு இத்தனை படி என்று வெட்டிவிடக் கூடாது. அப்புறம், ரட்டருக்குச் செய்தாகிவிட்டது. எலிவேட்டர், எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை) கார்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா?

---

#15 இரவுப்பணி

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எய்லரானில் படி எண் இருக்கிறது. எலிவேட்டரில் ‘தேவைக்கேற்ப’. நாளைக்கு இன்னொரு பக்கம் எழுதவேண்டும்.